கடைசி முப்பது அடி

தொண்ணூறுகளின் முடிவில் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பழகியவர்களுக்கு நான் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. வாசலில் செருப்புக் குவியல், ஆளுயரத்துக்குப் பிளைவுட் தடுப்பு, தடுப்புக்கு மேல் தலையாட்டும் டேபிள் ஃபேன், முதுகு பெருத்த மானிட்டர், எழுத்தெல்லாம் தேய்ந்துபோன கீபோர்டு, கல்லாவில் நேரம் குறித்துவைக்க ஒரு நீள நோட்டு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்படி ஒன்று இருந்தது. என் வயதுப் பையன்கள் எல்லாம் யாஹூவில் முகம் தெரியாத ஆட்களோடு பேசிக்கொண்டிருக்க, நான் மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சிகாகோவில் விமானம் இறக்கிக்கொண்டிருந்தேன். சிகாகோ எந்தத் திசையில் இருக்கிறது என்று அப்போது கேட்டிருந்தால் கிழக்கே பூந்தமல்லி சாலையைத்தான் காட்டியிருப்பேன்.

அது மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 98. ரிச்சி தெருவிலிருந்து யாரோ கொண்டுவந்த சிடி. திறந்தவுடன் விமானம் நிற்குமிடம் மெய்க்ஸ் ஃபீல்டு. மிச்சிகன் ஏரிக்கரையில், சிகாகோவின் உயரக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை ஓடுபாதை, நீளம் சுமார் 3,900 அடி. மீனம்பாக்கத்தைப் பல்லாவரம் ரயிலின் ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்திருந்த எனக்கு, மெய்க்ஸின் ஒவ்வொரு கோடும் மனப்பாடம். 2003 மார்ச் கடைசியில் ஒரே இரவில் சிகாகோ மேயர் புல்டோசர்களை அனுப்பி, அந்த ஓடுபாதையின் மேல் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டவைத்து அதை ஒழித்துவிட்டார் என்ற செய்தியைப் படித்த அன்று, சொந்த ஊரில் எதையோ இடித்துவிட்டதாகவே மனம் கலங்கியது. நான் முதன்முதலில் பறக்கக் கற்ற இடம் அல்லவா.

ஜாய்ஸ்டிக் கிடையாது. கீபோர்டின் வலப்பக்க எண்கட்டைகள்தான் விமானத்தின் கைப்பிடி. இரண்டை அழுத்தினால் மூக்கு உயரும், எட்டை அழுத்தினால் தாழும், ஐந்து நடுவுக்குக் கொண்டுவரும். எஃப் இரண்டு எஞ்சினைக் குறைக்கும், எஃப் மூன்று கூட்டும், எஃப் ஏழு ஃபிளாப்பை இறக்கும். செஸ்னா 182 ஓடுபாதைக்கு நேராக வந்து, வேகம் எல்லாம் சரியாக அமைந்து, இன்னும் முப்பது அடிதான் என்ற நேரத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். அதுவரை சீராக இறங்கிக்கொண்டிருந்த விமானம் சட்டென்று இறங்க மறுக்கும். எஞ்சினை முழுக்கக் குறைத்தாலும் ஓடுபாதைக்குச் சற்று மேலே அது மிதந்துகொண்டே போகும்; வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக அடியில் நழுவும்; ஓடுபாதையின் மறுமுனையும் அதற்கப்பால் ஏரித் தண்ணீரும் கண்ணுக்கு வந்துவிடும். இது கேமில் உள்ள கோளாறு என்று சென்டர் முழுக்க ஒருமித்த கருத்து. அந்தக் கோளாறுதான் பறப்பதிலேயே மிக உண்மையான பகுதி என்பது எனக்கு விளங்க, நூலகத்தில் ஒரு பழைய விமானவியல் புத்தகம் கைக்கு வர வேண்டியிருந்தது.

கிரவுண்ட் எஃபெக்ட் என்று விமானிகள் சொல்லும் தரை விளைவு அது. இறக்கை காற்றைக் கீழே தள்ளித்தான் விமானத்தை மேலே தாங்குகிறது. அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் இறக்கையின் இரண்டு நுனிகளிலும் அடிக்காற்று வெளியே வழிந்து மேல்நோக்கிச் சுருண்டு, பின்னால் இரண்டு சுழல்களாக நீள்கிறது. இந்தச் சுழல்களை உண்டாக்குவதற்காகவே விமானம் தன் ஆற்றலில் ஒரு பங்கை இழக்கிறது. அந்த இழப்புக்குத் தூண்டு இழுவை என்று பெயர். விமானம் தரைக்கு மிக அருகில் வரும்போது சுழல்கள் முழுதாக விரிய இடமில்லை, கீழ்நோக்கிப் போகும் காற்றைத் தரை தடுக்கிறது, இழுவை குறைகிறது. எவ்வளவு அருகில் என்பதை இறக்கையின் மொத்த நீளமே தீர்மானிக்கிறது. ஒரு முழு இறக்கை நீள உயரத்தில் தூண்டு இழுவை வெறும் 1.4 சதவீதம்தான் குறையும். கால் பங்கு உயரத்துக்கு வந்தால் 23.5 சதவீதம். பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் ஏறத்தாழ பாதி, 47.6 சதவீதம். அமெரிக்க விமானிகளின் பாடப்புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாக அச்சாகிவரும் எண்கள் இவை. இந்த மூன்று எண்களையும் என் நோட்டின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தேன். செஸ்னாவின் இறக்கை நீளம் 36 அடி, ஆகவே கால் பங்கு 9 அடி. ஆனால் செஸ்னாவுக்கு இறக்கை தலைக்கு மேல் இருப்பதால், சக்கரம் தரையைத் தொடப்போகும்போதுதான் இறக்கை அந்த 9 அடிக்கே வந்து சேரும். பைப்பர் செரோக்கி மாதிரி இறக்கை இடுப்புக்குக் கீழே இருக்கும் விமானங்கள் இன்னும் ஆழமாக அந்த மண்டலத்துக்குள் இறங்கும், இன்னும் நெடுநேரம் மிதக்கும். உயரமானியில் இல்லாத இந்த உயரக் கணக்கைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை, முதல் சம்பளம் வாங்கிய நாளில்கூட நான் அடையவில்லை.

இதை எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரான இருங்காட்டுக்கோட்டை ஏரியின் நீர்க்கட்டித் தாத்தா. மதகைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் வேலை. மிச்ச நேரமெல்லாம் கரையில் உட்கார்ந்து பறவை பார்ப்பார். மழை நல்லபடியாகப் பெய்த வருடங்களில் கூழைக்கடாக்கள் வரும். இரண்டரை மீட்டர் வரை இறக்கை விரியும் அந்தப் பெரிய உடம்பு எழும்பும்போது தண்ணீரை உதைத்து உதைத்து எவ்வளவு பாடுபடுமோ, எழும்பிய பிறகு அவ்வளவு சுகமாகப் போகும். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, இறக்கையை அசைக்காமல், தன் நிழலைத் தானே தொடப்போவதாக, ஏரியின் இக்கரையிலிருந்து பாதித் தூரம் வரை வழுக்கிக்கொண்டே போகும். நாலைந்து முறை இறக்கையடிக்கும், மறுபடியும் வழுக்கும்.

“டேய் பேராண்டி, அது ஏன் ஒசரப் போவாம தண்ணிய ஒட்டியே போவுது தெரியுமா?” என்று கேட்பார் தாத்தா.

“மீன் பாக்குதா தாத்தா?”

“மீனுக்கு எறங்குற பறவ வேற மாதிரி எறங்கும். இது சும்மா ஊட்டுக்குப் போவுது. தண்ணிய ஒட்டிப் போனா றெக்க வலிக்காது. தண்ணியே அத்தத் தாங்கிக்கினு போவும்.”

சுழலும் இழுவையும் இல்லாமல், பள்ளிக்கூட வாசலே மிதிக்காத ஒருவர், பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்த உண்மை அது. கூழைக்கடாவின் இறக்கை நீளம் இரண்டரை மீட்டர் என்றால், ஒரு முழம் என்பது பத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. பாடப்புத்தக எண்களோடு அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. எனக்கு விமானவியல் கற்றுக்கொடுத்த முதல் வாத்தியார் அவர்தான் என்று நான் மனமார நம்புகிறேன்.

அந்த இருங்காட்டுக்கோட்டை இப்போது இல்லை என்று சொன்னால் அது புலம்பலாகிவிடும். இருந்தாலும் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். 1996இல் ஹூண்டாய் வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தபோது, எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அதில் ஏதோ ஒரு போல்ட்டைத் தானே முடுக்கியதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஆள் இருந்தார். பிறகு செயின்ட் கோபேன், நோக்கியா, ஒரகடம் பக்கம் ரெனோ நிசான், டைம்லர் என்று வந்துகொண்டே இருந்தன. நோக்கியா 2014இல் மூடிவிட்டுப் போனதும் அந்த வரலாற்றில் சேர்த்திதான். கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகும் எங்கள் தலைமுறைக்கு வயல் வேலையின் முதுகுவலி இல்லை, மாதக் கடைசியில் கடன் இல்லை, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் உண்டு. நானும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரச்சோதனையில் சேர்ந்து, மைக்ரோமீட்டரும் கேஜும் கையுமாக இருந்து, அந்தச் சம்பளத்தில்தான் முதல் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஆகவே தொழிற்சாலைகளை வைது எழுத எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு சாயங்காலம் முழுக்க ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு பறவை எப்படிப் போகிறது என்று பார்க்கிற ஓய்வு, நான் பார்க்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் இப்போது இல்லை.

ஊரை விட்டு விலகாமலே தரையை ஒட்டிப் பறப்பதன் இன்னொரு பாதியையும் எனக்குக் காட்டியது பந்தயத்திடல். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களிலிருந்து பந்தயம் நடத்திவந்தது. விமானங்கள் போன ஓடுபாதையில் கார்கள் ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அவர்களுக்கென்றே 3.7 கிலோமீட்டர் திடல் திறந்தது. நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இங்கேதான், மாருதி எஞ்சின் வைத்த ஃபார்முலா மாருதி வண்டியில். பிறகு 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பந்தய நாளில் அந்தக் கூர்மையான சத்தம் எங்கள் வீட்டுத் திண்ணை வரை வரும். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: 1978இல் மாரியோ ஆண்ட்ரெட்டி உலகப் பட்டம் வென்ற லோட்டஸ் 79 வண்டியின் அடிப்பகுதி, தலைகீழாகக் கவிழ்த்த இறக்கை. தரைக்கும் வண்டிக்கும் இடையே காற்று இறுகி வேகமெடுக்க, அழுத்தம் குறைந்து, வண்டி சாலையோடு ஒட்டிக்கொள்கிறது. விமானத்தைத் தாங்கும் அதே தரைநெருக்கம் காரைக் கீழே பிடித்து வைக்கிறது. வளைவில் அதீத வேகம் வந்துவிட்டதால் 1983இல் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். 2022இல் திரும்ப அனுமதித்தபோது வண்டிகள் நேர்ச்சாலையில் மேலும் கீழுமாகக் குதித்து ஓட்டுநர்களின் முதுகைப் பதம்பார்த்தன. தரைக்கு அருகில் காற்று எப்போதும் நாம் எதிர்பார்ப்பதை விட வேறாகவே நடந்துகொள்ளும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு இந்தத் தாழ்பறத்தலில் ஒரு பழைய பாத்தியதையும் உண்டு. குரோம்பேட்டை எம்ஐடியில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தபோது, சகமாணவர்கள் நால்வரோடு சேர்ந்து அவருக்குக் கிடைத்த திட்டம், தாழப் பறந்து தாக்கும் ஒரு விமானத்தை வடிவமைப்பது. காற்றியக்க வடிவம் அவர் பொறுப்பு. வேலை திருப்தியாக இல்லை என்று பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்து, முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொன்னதை ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில் மற்ற மாணவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்ததாக அவர் எழுதுகிறார். படிப்பு முடிந்து பெங்களூரில் சேர்ந்தபின் அவர் குழு செய்த ஹோவர்கிராஃப்ட்டின் பெயர் நந்தி. 550 கிலோ எடையோடு தரைக்கு 40 மில்லிமீட்டர் மேலே, காற்று மெத்தையில் மிதக்கும்படி வடிவமைத்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், கூட இருந்த அதிகாரிகள் தயங்கியும் கேட்காமல், கலாமே ஓட்ட அதில் ஏறிப் பார்த்தார். அது எஞ்சினால் காற்றை அடியில் ஊதி மிதக்கும் வகை. இறக்கையின் தரை விளைவு வேறு. ஆனாலும் தரையும் காற்றும் சேர்ந்து ஒரு பொருளைத் தாங்கும் அந்தக் குறுகிய இடைவெளியின் மேல் ஒரு ராமேஸ்வரத்துப் பையனுக்கு அவ்வளவு ஈர்ப்பு இருந்தது என்பதைப் படித்தபோது, மூலைக் கம்ப்யூட்டரில் மிதந்துகொண்டிருந்த என் செஸ்னாவுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

என் காலத்துச் சிமுலேட்டரில் உலகம் பெரும்பாலும் தட்டை. பச்சையாக ஒரு தரை, நீலமாக ஒரு தண்ணீர், நகரம் என்றால் சாம்பல் நிறப் பெட்டிகள். விமானத்தின் குணமும் கோப்பில் எண்களாகவும் அட்டவணைகளாகவும் எழுதிவைத்ததுதான். எக்ஸ்-பிளேன் என்று இன்னொன்று வந்து, இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் காற்று என்ன செய்கிறது என்று ஒரு விநாடிக்குள் பலமுறை கணக்கிட ஆரம்பித்தது. இப்போதைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோ விமானத்தின் மேற்பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில் காற்றைக் கணக்கிடுகிறது. விளையாட்டு என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயமில்லை இது. விமானக் கம்பெனிகள் விமானிகளைப் பழக்கும் ராட்சத சிமுலேட்டர்களுக்குச் சான்று கொடுக்கும்போது, தரை விளைவு என்றே தனியாக ஒரு சோதனை வைக்கிறார்கள். நிஜ விமானம் தரைக்கு அருகே வரும்போது எலிவேட்டர் எவ்வளவு அசைந்தது, மூக்கு எந்தக் கோணத்தில் இருந்தது என்பதை அளந்து, சிமுலேட்டரும் அதே மாதிரி நடக்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள். அந்தக் கடைசி சில அடிகள் பொய்யாக இருந்தால், அங்கே பழகியவர் நிஜ ஓடுபாதையில் பொய்யான கையோடு இறங்குவார்.

என் அக்கா மகன் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அப்ரன்டிஸ். அவன் அறையில் வளைந்த பெரிய திரை, கையில் யோக், காலுக்குப் பெடல், கண்ணுக்கு மாட்டிக்கொள்ளும் கண்ணாடி, எல்லாம் இஎம்ஐயில் வாங்கியது. செயற்கைக்கோள் படங்களை விரித்து உலகத்தையே உள்ளே வைத்திருக்கும் சிமுலேட்டரில், அவன் ஒருநாள் என்னை உட்காரவைத்துக் கேட்டான்:

“மாமா, எங்க போகலாம் சொல்லுங்க. நியூயார்க்? துபாய்?”

“செம்பரம்பாக்கம் போடுப்பா.”

அவன் சிரித்துக்கொண்டே போட்டான். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி மேற்கே வந்தோம். குன்றத்தூர், அப்பால் ஏரி விரிந்து கிடக்கிறது. அதற்கப்பால் நெடுஞ்சாலை, அதை ஒட்டி வெள்ளையும் நீலமுமாகத் தொழிற்சாலைக் கூரைகள், பந்தயத்திடலின் வளைவுகள், கூரைகளுக்கு நடுவே ஒடுங்கிப்போய்க் கிடந்த எங்கள் ஏரி. எத்தனை வருடம் அந்த மண்ணில் நடந்திருக்கிறேன், அதை மேலிருந்து பார்த்தது அன்றுதான். இன்னும் மேற்கே போனால் பரந்தூர், 2022இல் புது விமான நிலையத்துக்கு என்று அறிவித்த இடம். ஏகனாபுரத்து மக்கள் வேண்டாம் என்று போராடிவரும் அந்த நிலம், திரையில் வயலும் ஏரியுமாக அப்படியே இருந்தது. நான் அவனை அங்கே சுற்றிவரச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு செம்பரம்பாக்கத்துக்கே திரும்பி, தண்ணீரை ஒட்டிப் பறக்கச் சொன்னேன். ஏரியின் முழுக் கொள்ளளவு ஆழம் 24 அடி. அந்த ஆழத்தையே தண்ணீருக்கு மேலே உயரமாக வைத்துப் பறந்தால், செஸ்னாவின் இறக்கை நீளத்துக்குள் வந்துவிடுகிறோம். ஆனால் விளைவு தெரிய இன்னும் இறங்க வேண்டும். பத்து அடி. எஞ்சினைத் தொடாமலே வேகமானியின் முள் மெல்ல ஏறியது. “குறை, கொஞ்சம் குறை” என்றேன். குறைத்தான். கூடவே மூக்கு தானாகத் தாழப் பார்த்தது. அவன் யோக்கைப் பதற்றத்தோடு இழுக்க, விமானம் எழும்பி, முப்பது அடிக்கு மேல் போனதும் தாங்கல் விட்டுப்போய், மறுபடி தொப்பென்று இறங்கியது.

“என்ன மாமா, ஸ்பிரிங் மாதிரி ஆடுது!”

இந்த இடத்தைத்தான் தாழப் பறப்பவர்கள் கையில் பிடிக்க வேண்டும். இறக்கையிலிருந்து பின்னால் கீழ்நோக்கி வரும் காற்று சாதாரணமாக வால் இறக்கையின் மேல் விழுந்து வாலைக் கீழே அமுக்கி, மூக்கைத் தூக்கி வைத்திருக்கும். தரைக்கு அருகில் அந்தக் கீழ்வீச்சு குறைகிறது, வாலின் அமுக்கம் குறைகிறது, மூக்கு தாழ்கிறது. அதனால் லேசான, விடாத பின்னிழுப்பு வேண்டும். மேலே ஏறும்போது எல்லாம் தலைகீழ்: மூக்கு உயரப் பார்க்கும், இழுவை திரும்ப வந்து சேரும், எஞ்சின் கூடுதலாகக் கேட்கும். ஆகவே கை பெரிதாக அசையவே கூடாது. விமானம் ஒரு காரியம் செய்யத் தொடங்கும் முன்பே, அது செய்யப்போகிறது என்று தெரிந்து விரல் அளவு முந்திக்கொள்ள வேண்டும். நெளிந்த தகட்டை நிமிர்த்தும் டின்கர் ஒரே அடியில் நிமிர்த்த மாட்டார், தட்டித் தட்டிப் பார்ப்பார், அதே பக்குவம். அவன் மூன்றாவது சுற்றில் ஏரியின் நடுப்பகுதி முழுவதையும் பத்து அடியிலேயே கடந்தான். நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம் என்பது கரை வந்து மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது. ரஷ்யர்கள் இந்த ஒரு விளைவை நம்பி, ரொஸ்திஸ்லாவ் அலெக்ஸேயெவ் என்ற வடிவமைப்பாளரின் தலைமையில், 1966இல் 92 மீட்டர் நீளத்துக்கு ஒரு பிரம்மாண்ட வாகனத்தைக் கட்டி காஸ்பியன் கடலின் மேல் சில மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டார்கள் என்று சொன்னேன். அவன் உடனே போனில் படம் தேடி எடுத்துவிட்டான். நான் அந்தப் படத்தை முதலில் பார்க்க எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தில் இருந்த வியப்பைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். அது என் வியப்பேதான், ஒரு மாற்றும் குறையவில்லை.

ஆனாலும் சில சின்ன இன்பங்கள் அவனுக்குக் கிடைக்காமலே போய்விட்டன என்ற ஏக்கம் எனக்கு உண்டு. எட்டையும் இரண்டையும் எத்தனை முறை தட்டினால் மூக்கு எவ்வளவு தாழும், எவ்வளவு உயரும் என்று எண்ணி எண்ணிக் கட்டத்தாளில் வரைந்த கோடு. சிமுலேட்டர் காட்டாத காற்றை அந்தக் கோட்டில் கண்டுபிடித்த திருப்தி. மெய்க்ஸுக்கு நேராக வந்து ஃபிளாப் இறக்கும் நேரத்தில் கரன்ட் போய், இருட்டில் தடுப்புகளுக்கு மேலே எல்லாத் தலைகளும் எழுந்து ஒரே குரலில் ‘ஐயோ’ என்ற அந்தக் கூட்டுச் சோகம். வெளியே வந்து டீக்கடையில், தெற்கே மணிமங்கலம் பக்கமாக மீனம்பாக்கத்துக்கு இறங்கும் நிஜ விமானத்தின் விளக்கைப் பார்த்து, ‘இப்ப ஃபிளாப் போட்டிருப்பான்’ என்று நண்பனிடம் அதிகாரமாகச் சொன்ன பெருமிதம். அந்தப் பையனை இப்போது நினைத்தால் அணைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. கையில் ஒன்றுமில்லை, ஆனால் ஒவ்வொரு அடி உயரத்துக்கும் அவனிடம் ஒரு கேள்வி இருந்தது. இன்றைய சிமுலேட்டர் கேள்விக்கு முன்பே பதிலைத் திரையில் எழுதிவிடுகிறது. தவறிப்போனால் ஒரு பட்டனில் பின்னோக்கிப் போய்விடலாம். வசதிதான், மறுக்கவில்லை, நான் இப்போது அதில் பறக்கும்போது எனக்கும் அது வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் விரலுக்குப் பொறுமை வருவது, பின்னோக்கிப் போக முடியாத இடத்தில்தான் என்று நான் இன்னமும் நம்புகிறேன்.

அதனால் போன வாரம் அவனுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். சித்திரை வெயில், 41 டிகிரி. நாலு பேரும் பெட்ரோலும் முழுக்க ஏற்றிய செஸ்னா 172. நீளம் குறைந்த மண் ஓடுபாதை. பின்னோக்கும் பட்டன் கிடையாது. சூட்டில் காற்று மெலிந்திருக்கும், எஞ்சினுக்கும் இறக்கைக்கும் பலம் குறையும். மூக்கை இழுத்ததும் விமானம் எழும்பிவிட்டது. அவனுக்கு ஒரே குஷி, இன்னும் இழுத்தான். இருபது அடியில் ஸ்டால் எச்சரிக்கை அலற, விமானம் மேலே போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஓடுபாதைக்கு அப்பால் வேலியில் போய் விழுந்தது. தரை தாங்கிய தாங்கலைத் தன் சொந்தப் பலம் என்று நினைத்து ஏறப்போனால் இதுதான் நடக்கும். நிஜத்திலும் எத்தனையோ சிறு விமானங்கள் இப்படி விழுந்திருக்கின்றன.

“அப்ப என்ன மாமா பண்ணணும்? எழும்பவே கூடாதா?”

“எழும்பு. எழும்பினதும் மூக்கைக் கொஞ்சம் தணி. தரையை ஒட்டியே போ. இழுவை கம்மியா இருக்கிற எடம் அதுதான், அங்கயே வேகத்தைச் சேர்த்துக்கோ. முள்ளு ஏறும் வேகத்தைத் தொட்ட பிறகு போ மேல.”

மண் ஓடுபாதையில் கிளம்பும் விமானிகள் உலகமெங்கும் செய்வது அதைத்தான். அவன் நாலைந்து வேலிகளைச் சாய்த்துவிட்டு, அப்புறம் ஒருமுறை மூக்கைத் தணித்துப் பிடித்தான். சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் உயரம்கூட இல்லை. வேகமானி 55, 60, 65 என்று நகர்ந்தது. 70ஐத் தாண்டியதும் விரலளவு இழுத்தான். வேலி கீழே போனது. இனி கேட்க வேண்டியதை எல்லாம் அவனே கேட்க ஆரம்பித்துவிட்டான்: எதிர்க்காற்று இருந்தால் எவ்வளவு குறையும், புல்தரை என்றால் எவ்வளவு கூடும், இறக்கை நீளமான கிளைடரில் இந்த மண்டலம் எவ்வளவு உயரத்தில் தொடங்கும். கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. ஷ்வைட்சர் 2-32 கிளைடரின் இறக்கை 57 அடி என்று சொல்லிவிட்டு, ஒரு பென்சிலை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினேன்.